உபயதாரர் தருவது என்ன?

தென் மாவட்டங்களில் இலவசக் கண் சிகிச்சை முகாம் நோட்டீஸைப் பார்க்காதவர் குறைவு. பெரும்பாலும் அதில் மூன்று தரப்பின் பெயர்கள் இருக்கும்: மருத்துவமனை, மாவட்டப் பார்வை இழப்புத் தடுப்புச் சங்கம், பிறகு உபயதாரர். உபயதாரர் அரிமா சங்கமாக இருக்கலாம், நூற்பாலையாக இருக்கலாம், கடைவீதி ஜவுளிக்கடையாகவும் இருக்கலாம். லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்லும் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்துக்கு வெகு காலம் முன்பே உருவான கூட்டு இது. இந்தக் கூட்டில் வணிகர் தருவதில் பணம் இரண்டாம்பட்சம் என்பது என் கட்சி.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பார்ப்போம். அரசு மருத்துவப் பணியில் ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. முகாமில் நடப்பது பரிசோதனை மட்டும்தான். பள்ளிக்கூடத்து வகுப்பறையில் வரிசையாக உட்காரவைத்துப் பார்வை, கண் அழுத்தம், ரத்த அழுத்தம், சர்க்கரை பார்ப்பார்கள். கண்புரைக்கு அறுவை வேண்டியவர்களை அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், லென்ஸ் வைத்து, ஊருக்குத் திருப்பி அனுப்புவார்கள். அறுவை மருத்துவமனையின் பொறுப்பு. முடித்துக் கொடுத்த இலவச அறுவைக்குத் தலைக்கு இவ்வளவு என்று அரசு மானியம் உண்டு. அது போதாத இடத்தைக் கட்டண நோயாளிகளின் பணம் ஈடுகட்டுகிறது. இடம், விளம்பரம், முகாம் நாள் சாப்பாடு ஆகியவை உபயதாரர் கணக்கு.

கூட்டிப் பார்த்தால் உபயதாரர் பங்கு சொற்பம்தான். ஆனால் அறுவை இலவசம் என்று சொல்லியும் ஆரம்ப காலத்தில் பலர் வரவில்லை. பஸ் கட்டணம், தன் கூலி, துணைக்கு வருபவரின் கூலி, இருக்கிற பார்வையும் போய்விடுமோ என்ற பயம் எல்லாம் குறுக்கே நின்றன. இதை ஆராய்ந்து 1991இல் வெளியான ஆய்வில் இரண்டு வழிகள் நன்றாகப் பலித்தன: சாப்பாடு, போக்குவரத்து உட்பட முழுச் செலவையும் ஏற்பது, ஏற்கெனவே அறுவை செய்துகொண்ட ஒருவரை வீடு வீடாக அனுப்பிப் பேசவைப்பது. இரண்டாவதை எந்தக் காசோலையாலும் வாங்க முடியாது. எந்தத் தெருவில் யாருக்குப் பார்வை மங்கியிருக்கிறது, யார் சொன்னால் அந்த வீட்டில் கேட்பார்கள் என்பது கடைவீதிக்காரருக்குத் தெரியும்.

கடைக்கு மலிவான விளம்பரம்தானே என்பார்கள். ஆம், விளம்பரம்தான், அதில் என்ன நஷ்டம்? தெரிந்த கடையின் பெயர் நோட்டீஸில் இருப்பதே பாட்டியை அனுப்பிவைக்கும் தைரியத்தை வீட்டாருக்குத் தருகிறது. அரசு தன் கடமையைக் கைகழுவுகிறது என்ற குற்றச்சாட்டு இதைவிடக் கனமானது. அரசு இங்கே ஒதுங்கிவிடவில்லை, முடிந்த வேலைக்குப் பணம் தருகிறது. வெங்கடசாமியையே உருவாக்கியது அரசு மருத்துவத் துறைதான். ஆனால் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில் ஒரு கோளாறு உண்டு. கண்புரையை ஒரே அறுவையில் முடித்து எண்ணிவிடலாம். ஆயுசுக்கும் கண்காணிக்க வேண்டிய கண் நீர் அழுத்த நோயை அப்படி எண்ண முடியாது. எண்ண முடிந்த நோய்க்கே ஏற்பாடுகள் பெருகும்.

முகாமின் எல்லையும் 1999இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது: கிராமத்தில் கண் கோளாறு உள்ளவர்களில் சுமார் 7 சதவீதத்தினரே முகாமுக்கு வந்திருந்தார்கள். அதன் பிறகுதான், சிற்றூர்களிலேயே நிரந்தரமாக இயங்கி, இணையம் வழியே டாக்டரோடு பேசவைக்கும் பார்வை மையங்களை அரவிந்த் தொடங்கியது. இவற்றைத் திறக்க உபயதாரர் கிடைப்பதில் சிரமமில்லை. கல்வெட்டில் பெயர் வரும். அங்கே தினமும் உட்கார்ந்திருக்கும் பணியாளரின் சம்பளத்துக்குக் கல்வெட்டு கிடையாது. கம்பெனிகளின் 2 சதவீதப் பணமோ, தொடர் திட்டம் என்றாலும் தொடங்கிய ஆண்டு போக மூன்று ஆண்டுகளுக்குள் முடியவேண்டும் என்ற விதியோடு வருகிறது.