ஆர்டாயின் வீதியும் ஒப்புரவின் ஊழியமும்

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரிலுள்ள ஹோலி கிராஸ் பெண்கள் தொடக்கப்பள்ளி கத்தோலிக்கருடையது. ஆனால் அதன் வாசலுக்குச் செல்லும் ஆர்டாயின் வீதியோ, புரொட்டஸ்டண்டு மக்கள் வாழும் கிளென்பிரின் பகுதியைக் கடந்தே செல்கிறது. 1998ஆம் ஆண்டின் பெரிய வெள்ளி உடன்படிக்கைக்கு மூன்றாண்டுகட்குப் பின், 2001 ஜூனில் அவ்வழி மறிக்கப்பட்டது. செப்டம்பர் 3இல் பள்ளி மீண்டும் திறந்தபோது, 4 முதல் 11 வயதுச் சிறுமியர் காவலரும் படைவீரரும் அமைத்த அரணினூடே வசைமொழிகளைக் கேட்டவாறே நடந்தனர். 5ஆம் நாள் வெடிகுண்டொன்றும் எறியப்பட்டது.

வசை பொழிந்தோர் நம் மரபின் பெயரைத் தாங்கியோர் என்பதை நாம் மறைக்கலாகாது. தங்கள் வீடுகள் தாக்கப்படுகின்றன என்ற அவர்களது முறையீடு வெறும் புனைவன்று. எனினும் அப்பாரத்தைப் பிள்ளைகளின் தோளில் ஏற்றியதற்கு நியாயமில்லை.

பள்ளி நிர்வாகக் குழுத் தலைவரான அருள்தந்தை ஏடன் ட்ராய் பிள்ளைகளோடு உடன் நடந்தார். விசுவாசமும் அன்பும் அவ்வீதியில் எடுத்த உருவம் அதுவே. பிரெஸ்பிட்டேரியன் போதகர் நார்மன் ஹாமில்டன் மறுபுறமிருந்து அவரோடு உரையாடலைப் பேணினார். தன் மக்களின் குறையைச் செவிகொடுத்துக் கேட்டுக்கொண்டே அவர்கள் செயலைத் தவறென்பது, மேய்ப்புப்பணியில் மிகக் கடினமான பகுதி என்றே நாம் கருதுகிறோம்.

நவம்பர் 23இல் மறியல் நிறுத்திவைக்கப்பட்டது. பாதுகாப்பு ஏற்பாடுகள் பற்றிய உறுதிமொழிகளே அதற்கு வழிவகுத்தன. இதனை ஒப்புரவு என அழைக்க நாம் விரைதல் தகாது. 2 கொரிந்தியர் 5ஆம் அதிகாரத்தில் பவுல் கூறும் ஒப்புரவு, மீறுதல்களைக் கணக்கிடாமை. அவ்வீதியிலோ இரு சாராரும் கணக்கை மூடவில்லை. 2002 ஜனவரி 9இல் பள்ளியருகே மீண்டும் மோதல் மூண்டது. மறுநாள் பள்ளி மூடப்பட்டது.