பித்தளைச் சாமியை விளக்கும் முறை

பூஜையறைச் சாமியைப் புளி போட்டுத் தேய்க்கத் தொடங்குமுன் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். பீடத்தின் அடிப்பக்கத்தை யாரும் மெருகேற்றுவதில்லை. அதனால் சிலை எதனால் ஆனது என்பதை அந்த இடம் மறைக்காமல் சொல்லிவிடும். சொரசொரப்பான மஞ்சள் உலோகம் தெரிந்தால் பித்தளை. சற்றே சிவப்பு ஓடினால் செம்பு கூடுதலாகச் சேர்ந்த வார்ப்பு. மேலே தங்கமாக மின்னிவிட்டு அடியில் சாம்பல் நிறம் காட்டினால் அது வெறும் முலாம். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து வைத்தும் பார்க்கலாம். பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு இருக்கிறது. முலாம் பூசியதற்குப் புளி ஆகாது, ஈரத்துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நிறம் மங்காமல் இருக்கக் கடைச் சிலைகள் சிலவற்றின் மேல் நிறமற்ற லாக்கர் அடித்திருப்பார்கள். அதன் மேல் எவ்வளவு புளி தேய்த்தாலும் பயனில்லை. பூச்சு கீறிய இடத்தில் மட்டும் காற்று புகுந்து, கறுப்பு இழை இழையாக ஓடியிருக்கும். அப்படி இருந்தால் காற்றோட்டமான இடத்தில், நெருப்பு எதுவும் பக்கத்தில் இல்லாமல், பஞ்சில் அசிட்டோன் நனைத்துப் பூச்சு முழுவதையும் துடைத்தெடுத்த பிறகுதான் மற்ற வேலை.

அடுத்தது, சிலை எப்படிச் செய்யப்பட்டது என்பது. நம் ஊர்க் கடைகளில் விற்பவற்றில் கணிசமானவை உத்தரப்பிரதேசத்து முராதாபாத், அலிகர் பக்கத்தில் வார்க்கப்பட்டவை. கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் முறை வேறு. தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, தாளக் கணக்குப்படி மடித்து, அந்த மடிப்புகளை அளவாக வைத்துக்கொண்டு மெழுகில் உருவம் செய்வார்கள். இந்த ஓலைக்கு ஒடியோலை என்று பெயர். தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்த மெழுகு அது. அதன் மேல் முதலில் காவிரி வண்டலை மெல்லிசாகப் பூசுவார்கள். பிறகு கனத்த மண். நிழலில் காயவைத்து, கம்பி கட்டி, வரட்டி நெருப்பில் சுட்டால் மெழுகு உருகி வெளியே போய்விடும். அது விட்டுப்போன இடத்தில் உலோகம் இறங்கும். பஞ்சலோகம் என்று சொன்னாலும் பெரும்பங்கு செம்புதான். அதற்கடுத்துப் பித்தளையும் ஈயமும். தங்கமும் வெள்ளியும் சாஸ்திரத்துக்குத் துளி சேரும். ஆறியதும் மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும் என்பதால் ஒரு கருவில் ஒரு சிலைதான் பிறக்கும்.

விளக்குகிறவர் கவனிக்க வேண்டியது இதற்குப் பிறகு நடப்பதை. வார்ப்பிலிருந்து வரும் சிலையில் நுணுக்கங்கள் முழுதாக இருப்பதில்லை. இமை, உதட்டு ஓரம், நகம், ஆபரணத்தின் மணி, வேட்டி மடிப்பு எல்லாம் ஸ்தபதி உளி பிடித்து எடுப்பவை. கண் திறப்பது கடைசியில். சிறு சிலையில் இந்த வேலையின் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. இரும்பு நாரும் செங்கல் பொடியும் முதலில் தின்பது அந்த ஆழத்தைத்தான். பல நூற்றாண்டு அபிஷேகம் கண்ட சில உற்சவ மூர்த்திகளின் முகம் கூழாங்கல்லாக வழவழத்துப் போயிருக்கிறது. சிலவற்றுக்குக் கண்ணையும் வாயையும் மறுபடி உளியால் கீறியிருக்கிறார்கள். மண்ணுக்குள் புதைந்து கிடந்து புதையலாக எழும்பூர் அருங்காட்சியகம் வந்து சேர்ந்த செப்புத் திருமேனிகள் பலவற்றில் விரல் நகம்கூடத் தெளிவாக இருக்கிறது. கோயிலில் அந்தத் தேய்மானம் வழிபாட்டின் கணக்கில் சேரும், அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் வீட்டில் நாம் தேய்ப்பது பெரும்பாலும் பக்தியால் அல்ல. பண்டிகைக்கு முந்தின நாள் அவசரத்தால்.

ஆகவே தண்ணீர் படுமுன் சிலையை ஒருமுறை படித்துவிடுங்கள். நடராஜர் என்று வைத்துக்கொள்வோம். பின் வலக்கையில் உடுக்கை: படைப்பு. முன் வலக்கை அபயம்: காத்தல். பின் இடக்கையில் தீ: அழித்தல். ஊன்றிய கால் மறைத்தல், தூக்கிய கால் அருளல். மெய்கண்ட சாத்திரங்களில் ஒன்றான உண்மை விளக்கம் சொல்லும் கணக்கு இது. யானைத் துதிக்கையாகக் குறுக்கே தொங்கும் முன் இடக்கை அந்தத் தூக்கிய திருவடியைக் காட்டுகிறது. வலக்காதில் குழை, இடக்காதில் தோடு என்று பெரும்பாலான சிலைகளில் அணி மாறியிருக்கும். பாதி அம்மை என்பதை ஸ்தபதி காதோடு சொல்லிவிடுகிறார். விரிசடைக்குள் தேடினால் கைகூப்பிய சின்ன கங்கை இருப்பாள். காலடியில் முயலகன், அறியாமையின் உருவம். வீட்டுச் சிலைகளில் அதிக அழுக்கு சேர்வதும் யாரும் தொடாமல் விடுவதும் அவனைத்தான்.

இப்படிப் பார்க்கும்போதே எங்கே கை மெதுவாகப் போக வேண்டும் என்பது விளங்கிவிடும். தீயின் நாக்குகள், உடுக்கையைப் பிடித்த விரல்கள், திருவாசியின் சுடர்கள், கங்கையின் முகம்: பொருள் சுமக்கிற இடங்களே மெல்லிய இடங்களும். பிள்ளையாரானால் ஒடிந்த தந்தத்தின் முனை, மோதகத்தின் மடிப்பு. அம்மனானால் பூவைப் பிடிப்பதுபோல் மடங்கிய விரல்கள். எந்தச் சாமியையும் திருவாசியையோ கையையோ பிடித்துத் தூக்காதீர்கள். பீடத்தை இரண்டு கையாலும் பிடித்து எடுக்க வேண்டும்.

அன்றாடம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பழைய பூவை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். வாடிய பூவின் ஈரம் கறை போடும். ஓவியம் தீட்டும் மென்தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டு, நைந்த பருத்தி வேட்டித் துணியால் ஒற்றினால் போதும். விரல் வியர்வையில் உப்பு இருக்கிறது, தொட்ட இடத்தில் ரேகையோடு கறுக்கும்.

புளி குளியல் வருஷத்துக்கு இரண்டு முறை போதும் என்பது என் கட்சி. அதற்கு முன்னால் எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டும், இல்லாவிட்டால் புளி உலோகத்தைத் தொடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கி, அந்த நுரையில் குழந்தைகளுக்கான மென்மையான பல் துலக்கியால் துலக்குங்கள். மடிப்புகளில் இறுகிய சந்தனத்தை ஊசியால் குத்தக் கூடாது. ஊறியதும் தென்னை ஈர்க்கின் முனையால் நெம்பினால் பொருக்காக வந்துவிடும்.

பிறகு புளி. எலுமிச்சை அளவுப் புளியை இரண்டு டம்ளர் வெந்நீரில் கரைத்து, கோதும் நாரும் இல்லாமல் வடிகட்டிக்கொள்ளுங்கள். உப்புச் சேர்க்க வேண்டாம். எலுமிச்சை மூடியை உப்பில் தொட்டுத் தேய்க்கும் வழக்கம் சட்டென்று பளபளப்பைக் கொடுக்கும், உண்மைதான். ஆனால் அந்த உப்பிலிருக்கும் குளோரைடு வார்ப்பின் நுண்துளைகளில் தங்கி, மாதங்கள் கழித்து வெளிர்பச்சைப் பொடியாகப் பூக்கும். கரைசலைத் துணியில் தோய்த்துப் பூசி, இரண்டு மூன்று நிமிஷம் விட்டு, விரலாலேயே தடவுங்கள். கறுப்பைக் கரைப்பது புளியிலுள்ள டார்டாரிக் அமிலம். அதற்குக் கையின் பலம் தேவையில்லை. ஊறவைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போகக் கூடாது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. அமிலம் அதிக நேரம் நின்றால் மேற்பரப்பில் துத்தநாகம் கரைந்து போய்ச் செம்பு மட்டும் மிஞ்சும். விளக்கி முடித்த சிலையில் தெரியும் இளஞ்சிவப்புத் திட்டுகள் இதனால் வருவதுதான்.

மேடான இடங்கள் மஞ்சளானதும் நிறுத்திவிடுங்கள். பள்ளத்தில் தங்கிய கருமையை விட்டுவிட வேண்டும். இமைக் கோடும் உதட்டுப் பிளவும் கண்ணுக்குத் தெரிவது அந்த நிழலால்தான். அதையும் துரத்திவிட்டால் முகம் மொட்டையாகிவிடும். சிறு கறை மிஞ்சினால் சலித்த திருநீறைத் துணியில் தொட்டுத் தடவலாம், மணல் கலந்த அடுப்புச் சாம்பல் கூடாது.

அலசுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். நல்ல தண்ணீரில் அலசி, சமையல் சோடா ஒரு சிட்டிகை கரைத்த நீரில் முக்கியெடுத்து மறுபடி அலசினால் மிச்ச அமிலம் போய்விடும். போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. நீரோ மழை நீரோ எடுத்துக்கொள்ளுங்கள். துணியால் ஒற்றிவிட்டு இளவெயிலில் கொஞ்ச நேரம் வைக்க வேண்டும். உள்ளே குடைவான பீடமானால் கவிழ்த்து வையுங்கள், தண்ணீர் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

காய்ந்த சிலைக்கு எண்ணெய் பூசி வைக்கலாமா என்று கேட்பவர்கள் விளக்குத் திரியடியில் சேரும் பச்சைப் பசையை நினைத்துக்கொள்ளலாம். எண்ணெயின் கொழுப்பு அமிலமும் செம்பும் சேர்ந்து வருவது அது. எண்ணெய்க் காப்பு சாத்தினால் அன்றைக்கே துடைத்துவிட வேண்டும். பால், தயிர் அபிஷேகத்துக்கும் இதே விதி. தயிரும் ஓர் அமிலம்தான். கற்பூரத் தட்டு சற்றுத் தள்ளியே இருக்கட்டும், கரி முதலில் முகத்தில்தான் படியும்.

கொலு முடிந்து பரணுக்குப் போகும் சிலைகளைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். செய்தித்தாளும் பிளாஸ்டிக் உறையும் வேண்டாம். கம்பளியும் ரப்பர் பேண்டும் கூடவே கூடாது. அவற்றிலுள்ள கந்தகம் பித்தளையில் கறுப்புக் கோடு போட்டுவிடும்.

பாட்டன் காலத்துச் சிலைக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அதற்குத் தூரிகையும் உலர்ந்த துணியும் மட்டும். அதன் மேல் படிந்திருக்கும் பழுப்பு ஒரு கவசம். அதை உரித்தால் உலோகம் புதிதாக அரிபட ஆரம்பிக்கும். தொட்டால் உதிரும் வெளிர்பச்சைப் பொடி கண்டால் வீட்டு வைத்தியம் வேண்டாம். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உலோகத் திருமேனிகளுக்கு வைத்தியம் பார்க்கவே 1930இல் வேதியியல் ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள், எஸ். பரமசிவன் அங்கே மின்பகுப்பு முறையால் செப்புத் திருமேனிகளின் அரிப்பை நீக்கினார். அத்துறை ஆட்களிடம் காட்டிவிட்டுச் செய்வதே சரி.

சிலை நூறு வயதைத் தாண்டியிருந்தால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைப் புதையல் சட்டப்படி பதிவு செய்யவும் வேண்டும். முன், பின், இரு பக்கம், பீடத்தின் அடி என ஒவ்வொன்றையும் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, உயரத்தையும் எடையையும் அதனோடு குறித்து வையுங்கள். பதிவுக்கு மட்டுமல்ல, சிலை களவு போனால் காவல் நிலையத்தில் காட்டவும் அந்தப் படங்கள்தான் உதவும்.