பண்டைக் கடல்கள் தந்த மணிச்சத்து

பெங்களூரு லால்பாக் பூங்காவில், கெம்பே கவுடரின் பெயரால் வழங்கும் காவற் கோபுரத்தைத் தாங்கி நிற்கும் பாறைக் குன்றின் வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அதனைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்துள்ளது. அது கடலடியில் அடுக்கடுக்காகப் படிந்த பாறையன்று. புவி ஓட்டின் ஆழத்தில் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் உட்பட்டு உருமாறிய நைஸ் பாறை. கர்நாடகத்தின் தென்பகுதியில் பெரும்பரப்புக்கு இவ்வகைப் பாறையே அடித்தளம். கேழ்வரகு விளையும் செம்மண் அது சிதைந்து உண்டானதாகும்.

இம்மண்ணின் இயல்பை அறிய வேண்டிய தேவை நெடுநாட்களுக்கு முன்பே உணரப்பட்டது. 1899-ஆம் ஆண்டில் மைசூர் அரசு ஹெப்பாலில் 30 ஏக்கர் நிலத்தை ஒதுக்கி, லேமன் என்ற வேதியியல் அறிஞரின் தலைமையில் ஆராய்ச்சியைத் தொடங்கிற்று. 1964-இல் உருவான வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு அதுவே வித்து. செம்மண்ணின் முக்கியக் குறைகளுள் ஒன்று மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், பற்றாமை. அதிலுள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் உழவர் இடும் உரத்தின் மணிச்சத்திலும் ஒரு பெரும் பங்கை இறுகப் பற்றிக் கொள்கின்றன. பயிருக்கு எட்டுவது எஞ்சியதே. தழைச்சத்தைக் காற்றிலிருந்து தொழிற்சாலையில் தயாரித்துக் கொள்ளலாம். மணிச்சத்துக்கு அத்தகைய வழி இல்லை. அதைப் பாறையிலிருந்துதான் தோண்டியெடுத்தாக வேண்டும். லால்பாக் பாறை போன்றவற்றில் அது சிறுசிறு துணுக்குகளாகச் சிதறிக் கிடக்கிறது. சிதறியதைத் திரட்டித் தந்தவை பண்டைக் கடல்களே.

நிலத்துப் பாறைகள் கரையும்போது வெளிப்படும் பாஸ்பரஸை ஆறுகள் கடலில் சேர்க்கின்றன. அங்கே உயிரினங்கள் அதனை உட்கொள்கின்றன. அவை மடிந்து ஆழத்தில் அமிழும்போது சத்தும் உடன் அமிழ்கிறது. சில கரைகளில் காற்று மேற்பரப்பு நீரை அப்பால் தள்ளிவிட, ஆழத்திலுள்ள குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் மேலேறி வருகிறது. கரையை ஒட்டிய ஆழமற்ற கடலில் நுண்ணுயிர்கள் அளவின்றிப் பெருகி மடிகின்றன. அவை அடிச்சேற்றில் அழுகும்போது வெளியாகும் பாஸ்பேட், சுண்ணாம்புச் சத்துடனும் ஃபுளோரினுடனும் சேர்ந்து அபடைட் என்னும் கனிமமாக உறைகிறது. இவ்வாறு மேலெழும் நீரே பாஸ்பேட் படிவுகளுக்குக் காரணம் என்ற கருத்தை 1930-களில் வகுத்தவர் ரஷ்ய அறிஞர் கசக்கோவ். பெரு, நமீபியா நாடுகளின் கடலோரங்களில் இச்செயல் இன்றும் நடைபெறுகிறது.

இவ்வளவும் நிகழ்ந்தாலும் போதாது. அருகில் பெரிய ஆறு ஒன்று வண்டலைக் கொட்டினால் பாஸ்பேட் துகள்கள் மண்ணோடு கலந்து நீர்த்துப் போகும். வண்டல் குறைந்து, நீரோட்டமானது முறத்தில் இட்டுப் புடைப்பதுபோல் நுண்சேற்றை அகற்றிக் கனமான துகள்களை ஒதுக்கி வைக்கும் இடத்தில்தான் செறிந்த படிவு உண்டாகும். மொராக்கோவில் இந்நிலை கோடிக்கணக்கான ஆண்டுகள் நீடித்தது. உலகில் அறியப்பட்ட பாஸ்பேட் இருப்பின் பெரும்பகுதி இன்று அங்கேயே உள்ளது.

இந்தியாவின் சிறந்த படிவு ராஜஸ்தானத்தில் உதயப்பூருக்கு அருகிலுள்ள ஜாமர்கோட்ராவில் 1968-இல் கண்டறியப்பட்டது. 150 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட இப்படிவு உண்டானபோது மீனும் இல்லை, சிப்பியும் இல்லை. ஓதம் ஏறி இறங்கும் ஆழமற்ற நீரில் நீலப்பச்சை நுண்ணுயிர்கள் படலம் படலமாக வளர்ந்து, சிறு தூண்களைப் போன்ற கல்லமைப்புகளைக் கட்டின. ஸ்ட்ரோமட்டோலைட் எனப்படும் அத்தூண்களிலேயே பாஸ்பேட் செறிந்துள்ளது. இடைவெளிகளை நிரப்பியிருப்பது டோலமைட். இந்த டோலமைட்தான் தொல்லை தருவது: அதிலுள்ள மக்னீசியம் அமிலத் தயாரிப்புக்கு ஊறு விளைவிப்பதால், தரம் குறைந்த தாதுவை அரைத்து, நுரையில் மிதக்கவிட்டுப் பிரிக்க வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டிலும் ஒரு கடல் பாஸ்பேட்டை விட்டுச் சென்றது. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளுள் புகுந்த கடலின் படிவுகளில், உத்தத்தூர்க் களிப்பாறைகளில், பாஸ்பேட் உருண்டைகள் காணப்படுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவற்றை ஆராய்ந்த வார்த் என்பவர், 200 அடி ஆழம் வரை 80 லட்சம் டன் இருக்கலாம் என மதிப்பிட்டார். எண்ணிக்கை பெரிது. ஆனால் 100 கன அடி களியைத் தோண்டினால் கிடைப்பது 27 முதல் 47 பவுண்டு வரையே. அதாவது, சுமார் 5 டன் மண்ணைப் புரட்டி 12 முதல் 21 கிலோ வரை பொறுக்க வேண்டும். நிலத்தடியில் இருப்பது வேறு, சந்தைக்கு வருவது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டுவதில்லை. நாடு தனக்கு வேண்டிய மணிச்சத்தின் பெரும்பகுதியைப் பாறையாகவும் அமிலமாகவும் உரமாகவும் மொராக்கோ, ஜோர்டான் முதலிய நாடுகளிலிருந்து அந்நியச் செலாவணி செலவிட்டுப் பெறுவது இதனால்தான்.

எனினும், தரம் குறைந்த பாறையைப் பயனற்றதென ஒதுக்குவது பிழையான கணக்கு. பாஸ்பேட் பாறையைக் கந்தக அமிலத்தில் கரைத்துச் சூப்பர் பாஸ்பேட் ஆக்குவது வழக்கம். இந்தியாவில் இத்தொழில் 1906-இல் ராணிப்பேட்டையில் தொடங்கியது. மண்ணே புளிப்புத் தன்மையுடையதாக இருப்பின், அமிலத்தின் வேலையில் ஒரு பகுதியை மண் தானே செய்துவிடும். மலைநாட்டின் கனமழையால் சுண்ணாம்புச் சத்து அரித்துச் செல்லப்பட்ட குடகு, சிக்கமகளூரு, ஹாசன் மாவட்டக் காப்பித் தோட்டங்களின் மண் அத்தகையது. மஸ்ஸூரியின் சுமார் 50 கோடி ஆண்டுப் பழமையுள்ள கடற்படிவுகளில் எடுக்கப்பட்டது போன்ற எளிய பாறையை நன்கு பொடித்து இட்டால், அங்கே அது மெல்ல மெல்லக் கரைந்து, ஆண்டுக்கணக்கில் நிற்கும் செடிகளுக்கு உணவாகிறது. வட கர்நாடகத்தின் சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் அதே பொடி பெரும்பாலும் கரையாமல் கல்லாகவே கிடக்கும். பெங்களூருவைச் சுற்றியுள்ள கேழ்வரகு நிலங்கள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை. மேலும் சில மாதங்களில் கதிர் முற்றிவிடும் பயிருக்கு மெதுவாகக் கரையும் உரம் மட்டும் போதாது. பொடியைத் தொழு உரத்துடன் கலந்து மட்கவிட்டு இடுவதும், பாஸ்பேட்டைக் கரைக்கும் நுண்ணுயிர்களை உடன் சேர்ப்பதும் அங்கே ஓரளவு கைகொடுக்கும். எஞ்சிய தேவைக்குச் சூப்பர் பாஸ்பேட் மூட்டையே வர வேண்டியுள்ளது.