குடல்வாலும் ஊரடங்கும்

2020 ஏப்ரல். நாடெங்கும் ஊரடங்கு. சேரன்மகாதேவிக்கு அப்பாலுள்ள எங்கள் ஊரில் என் அண்ணனுக்குத் தொப்புளைச் சுற்றி வலி கண்டது. சூட்டுவலி என்று அம்மா வெந்தயமும் மோரும் கொடுத்தார்கள். மறுநாள் வலி வலப்பக்க அடிவயிற்றில் இறங்கி நிலைகொண்டது. குடல்வால் அழற்சியின் போக்கே அதுதான். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு, வீட்டில் அறிந்தவர் எவருமிலர். பஸ் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா ஒட்டிக்கொள்ளும் என்ற அச்சம் வேறு. மூன்றாம் நாள் நெல்லைக்குக் கொண்டு சேர்த்தபோது குடல்வால் வெடித்துச் சீழ் பரவியிருந்தது. வயிற்றைத் திறந்துதான் பிழைக்க வைத்தார்கள்.

இப்படித் தாமதித்து வந்தோர் பல நாடுகளிலும் உண்டு. மருத்துவர்களுக்கும் ஓர் அச்சம் இருந்தது: லேப்ராஸ்கோப் சிகிச்சையில் வயிற்றிலிருந்து வெளியேறும் வாயுவோடு கிருமி பரவுமோ என்று. ஆகவே பிரிட்டனில் ஸ்கேன் எடுத்து நோயை உறுதிசெய்துகொண்டு, வெடிக்காத குடல்வாலுக்குக் கத்தியின்றி ஆன்டிபயாட்டிக் மருந்தே கொடுப்பது பெருகிற்று. முன்பே அமெரிக்காவில் 1552 பேரிடம் தொடங்கிய ஆய்வின் முடிவு 2020 அக்டோபரில் வெளிவந்தது. முதலில் நரம்பில் ஊசிமருந்து, பின்னர் மாத்திரை, மொத்தம் பத்து நாள். மருந்து பெற்றோரில் பத்துக்கு ஏழு பேருக்கு 90 நாள்வரை அறுவை தேவைப்படவில்லை. குடல்வாலில் கல் இருந்தவர்களிலோ பத்துக்கு நால்வருக்குத் தேவைப்பட்டது. பின்லாந்தில் ஐந்தாண்டு கவனித்ததில், மருந்தால் குணமானவர் பலருக்கு வலி திரும்பியும் வந்திருக்கிறது.

இதை அண்ணனிடம் சொன்னேன். தழும்பைத் தடவிக்கொண்டே, “அப்போ எனக்கும் மாத்திரையே போதுமால?” என்றான்.

“முதல் நாளே போயிருந்தா, ஒருவேளை” என்றேன்.