ஏழு தந்தியில் பேசிய பிடில்

ஸ்ரீரங்கப்பட்டணத்தை இருபுறமும் அணைத்துச் செல்லும் காவிரி, கீழே திருமகூடலு நரசிபுரத்தில் கபினியோடு கூடுகிறது. அந்தக் கூடல் மண் தந்த பிடில் மேதைதான் மைசூர் டி.சௌடையா.

மைசூரில் பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் குருகுலவாசம் இருந்து வித்தை கற்றார். மைக் இல்லாத காலம் அது. பாடகரின் கணீர்க் குரல் பந்தல் கடைசிவரை போகும். பக்கத்தில் இருக்கும் பிடிலின் நாதமோ நடுவிலேயே நின்றுவிடும். பின்வரிசையில் இருப்பவனும் ரசிகன்தானே? அவன் காதுக்கும் எட்ட வேண்டாமா?

சௌடையா யோசித்தார். ச, ப, ச, ப என்ற நான்கு தந்திகளோடு மேலும் மூன்றைச் சேர்த்தார். 1927 வாக்கில் ஏழு தந்தி வயலின் மேடை ஏறியது. வாசிப்பது லேசல்ல. ஜோடித் தந்திகளை ஒரே விரல் அழுத்த வேண்டும். ஒன்று சுருதி விலகினாலும் காது கூசும். "மரபை மீறுகிறார்" என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. அவர் பதில் பேசவில்லை, வில்லைப் பேசவிட்டார்.

செம்பை வைத்தியநாத பாகவதர் பாட்டு, சௌடையா பிடில், பாலக்காடு மணி ஐயர் மிருதங்கம் என்றால் தமிழகத்தில் கூட்டம் அலைமோதும். 1957-ல் சென்னை மியூசிக் அகாடமி 'சங்கீத கலாநிதி' பட்டம் சூட்டியது. 'திரிமகுட' என்ற முத்திரையோடு கீர்த்தனைகளும் இயற்றினார். ஊர்ப்பெயரை அவர் மறக்கவில்லை.

1967-ல் அவர் மறைந்தார். பெங்களூரில் 1980-ல் எழுந்த சௌடையா நினைவு மண்டபம் பிடில் வடிவிலேயே நிற்கிறது. அந்த வழியாகப் போகும் நம்மவர்கள் ஒரு கணம் நின்று பார்க்கலாம். கடைசி வரிசைக்காரனை நினைத்த கலைஞனின் சின்னம் அது.