பரீட்சையில் தவறிய பிள்ளை

பிள்ளை பரீட்சையில் தவறிவிட்டால், “ஊரை விட்டு வந்து உழைப்பதெல்லாம் உனக்காகத்தானே!” என்று நம்மில் பலர் குமுறுகிறோம். நொந்த மனதுக்கு அது மேலும் பாரம். உறக்கமில்லை, புத்தகத்தில் மனம் ஒட்டவில்லை என்றால், அது சோம்பலல்ல, மனச்சோர்வாக இருக்கலாம்.

மனோதத்துவம் மைசூருக்குப் புதிதல்ல. பல்கலைக் கழகத்தில் 1924லேயே அதற்குத் துறை தொடங்கினார்கள். இன்று மானச கங்கோத்திரியிலுள்ள அகில இந்திய பேச்சு, செவித்திறன் நிலையத்தில் கற்றல் குறைபாட்டையும் பரிசோதிக்கிறார்கள். 2022ல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 எண்ணில் இரவு பகலாக, இலவசமாக அழைக்கலாம். தமிழிலும் பேசலாம், கன்னடம் வராதே என்ற தயக்கம் வேண்டாம்.

அதற்கு முன், பெற்றோர் பக்கத்தில் அமர்ந்து, “என்னப்பா சிரமம்?” என்று கேட்கட்டும். பரீட்சையை மறுபடி எழுதிக்கொள்ளலாம், பிள்ளைதான் முக்கியம்.