முதல் வண்டியின் ஞாபகம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரமான செண்பகத்தோப்பிலிருந்து தேங்காயும் மாங்காயும், இராஜபாளையத்து ஆலைகளிலிருந்து நூல் மூட்டைகளும் ஏற்றிச் சென்ற முதிய லாரி ஓட்டுநர்களிடம், தாங்கள் முதன்முதலில் ஓட்டிய வண்டி எதுவென்று வினவினால், ‘பென்ஸ்’ என்றோ ‘லேலண்டு’ என்றோதான் பெரும்பாலும் விடை வரும்.

டாடாவின் டெல்கோ நிறுவனம், ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் ஒத்துழைப்போடு, ஜாம்ஷெட்பூரில் லாரிகளைத் தயாரிக்கத் தொடங்கியது 1954-ஆம் ஆண்டில். எண்ணூரின் அசோக் மோட்டார்ஸ், அசோக் லேலண்டு என்ற நாமத்தைப் பெற்றது அதற்கு மறு வருஷம். 1969-இல் டெல்கோவின் ஜெர்மானிய உடன்படிக்கை முடிவுற்று, லாரியின் முகப்பிலிருந்த பென்ஸின் மூன்று முனை நட்சத்திரம் மறைந்த பின்னரும், ஜனங்களின் நாவில் அந்த லாரி ‘பென்ஸ் வண்டி’யாகவே நெடுநாள் ஜீவித்திருந்தது.

அக்காலத்து வண்டிகள் பலவற்றில் கியரை இறக்குவதே தனி வித்தை. கிளட்சை மிதித்து, கியரை நியூட்ரலுக்குக் கொணர்ந்து, கிளட்சை விட்டு, ஆக்ஸிலேட்டரை ஓர் அழுத்து அழுத்தி, மீண்டும் கிளட்சை மிதித்த பிறகே கீழ்க் கியர் சத்தமின்றி விழும். கணம் பிசகினால் பற்சக்கரங்கள் நறநறவென்று ஓட்டுநரின் மானத்தை வாங்கிவிடும். செங்கோட்டையைத் தாண்டிய ஆரியங்காவு மலைப்பாதையின் இறக்கங்களில் பிரேக்கிற்குத் துணைநின்றது இந்தச் சாமர்த்தியமே.

கிளீனராகச் சேர்ந்து, கண்ணாடி துடைத்து, டயரைத் தட்டிக் காற்றுப் பார்த்து, வருஷக்கணக்கில் காத்திருந்து ஸ்டியரிங்கைப் பற்றிய கைகளுக்கு, அந்த முதல் வண்டியின் கனம் எளிதில் மறக்கக்கூடியதா என்ன?